மன்றக் கூட்டத்திலிருந்து செய்தி மேசை வரை: நகர அரசியல் எழுத வருபவர்களுக்கு

நகர மன்றக் கூட்டத்துக்கு முதன்முறையாக அனுப்பப்படும் இளம் நிருபர் பெரும்பாலும் ஒரே மாதிரியான செய்தியுடன்தான் திரும்பி வருகிறார். எதிர்த்தரப்பு உறுப்பினர்கள் கூச்சலிட்டார்கள், மேயர் எச்சரித்தார், சிலர் வெளிநடப்பு செய்தார்கள், கூட்டம் அரை மணி நேரம் தடைபட்டது. அத்தனையும் உண்மைதான். ஆனால் அந்த வெளிநடப்புக்குப் பிறகு, பாதி நாற்காலிகள் காலியாகக் கிடந்த நேரத்தில், முப்பது நாற்பது தீர்மானங்கள் விவாதமே இல்லாமல் ஒரே மூச்சில் நிறைவேறியிருக்கும். குப்பை அள்ளும் ஒப்பந்தத்தை மறு டெண்டர் இன்றி நீட்டித்த தீர்மானமும், குடியிருப்புப் பகுதியிலுள்ள ஒரு மனையை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றிய தீர்மானமும் அவற்றுக்குள் இருந்திருக்கும். அவற்றை அந்த நிருபர் பார்த்திருக்க மாட்டார், ஏனென்றால் அவர் வெளிநடப்பு செய்தவர்களின் பின்னால் பேட்டி எடுக்க ஓடியிருப்பார்.

நகர அரசியலில் பேச்சைவிடக் காகிதமே அதிகம் முடிவு செய்கிறது என்பது இத்துறையில் என் முதல் பாடம். அந்தக் காகிதத்தைப் பின்தொடர்வது எப்படி, பின்னாளில் செய்தி ஆசிரியராக அமரும்போது அதே பழக்கத்தைப் பிறர் எழுத்தின்மீது செலுத்துவது எப்படி என்பதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப் போகிறேன்.

முதலில்: கையெழுத்து யாருடையது?

புதிய நகரம் ஒன்றின் செய்தியை உங்களிடம் ஒப்படைத்தால், முதல் வாரத்தில் செய்தி எழுதுவதைவிட ஒரு வரைபடம் போடுவதில் நேரத்தைச் செலவிடுங்கள். ஒரு தெருவுக்கு விளக்கு போட வேண்டுமென்றால் அந்தக் கோரிக்கை எந்த மேசையில் தொடங்கி, எந்தெந்தக் குழுக்களைக் கடந்து, யாருடைய கையெழுத்தில் முடிகிறது என்பதை ஒரே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மேயர் என்ற பதவிப் பெயர் எல்லா ஊரிலும் ஒன்றாக இருந்தாலும் அதன் பின்னால் இருக்கும் அதிகாரம் ஒன்றல்ல. நியூயார்க் மேயர் நிர்வாகத்தின் உண்மையான தலைவர். லண்டனில் 2000ஆம் ஆண்டு முதல் மக்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்; 25 உறுப்பினர் கொண்ட அவை ஒன்று அவரைக் கேள்வி கேட்கிறது. இந்திய மாநகராட்சிகள் பெரும்பாலானவற்றில் மேயர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினாலும் நிர்வாக அதிகாரம் மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடம் இருக்கிறது. அமெரிக்காவின் பல நகரங்களில் மன்றமே ஒரு மேலாளரை வேலைக்கு அமர்த்தி நிர்வாகத்தை அவரிடம் ஒப்படைக்கிறது. 1913 வெள்ளத்தில் சிக்கிய டேட்டன் நகரம் அந்த முறைக்கு மாறிய முதல் பெரிய நகரம்.

இந்த வேறுபாடு தெரியாதவர், முடிவெடுக்காத ஒருவரிடம் ஆண்டுக்கணக்கில் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். கோப்பில் கையெழுத்திடுபவருக்கு அது வசதியாகவே இருக்கும்.

வரவு செலவு ஏட்டைப் படிக்கப் பழகுதல்

அரசியல் அறிவியல் படித்திருப்பது நல்லதுதான், ஆனால் நகர நிருபருக்கு அதைவிட உதவுவது கணக்கு வாசிக்கும் திறமை என்றே நான் சொல்வேன். வரவு செலவுத் திட்டம் வெளியாகும் நாளில் எல்லோரும் மேயரின் உரையிலிருந்து புதிய பூங்கா, புதிய பாலம் என்று அறிவிப்புகளைப் பட்டியலிடுவார்கள். நீங்கள் உரையை ஒருபுறம் வைத்துவிட்டு அதனுடன் தரப்படும் தடித்த ஏட்டை எடுங்கள். அதில் பெரும்பாலும் மூன்று வகை எண்கள் அடுத்தடுத்து இருக்கும்: வரும் ஆண்டுக்கான மதிப்பீடு, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, கடந்த ஆண்டில் உண்மையாகச் செலவானது. சென்ற முறை பெரிய தொகையாக அறிவித்த திட்டம் ஒன்றுக்குத் திருத்திய மதிப்பீட்டில் அதில் கால்பங்குகூட இல்லையென்றால், உரையில் இல்லாத செய்தி உங்கள் கையில் இருக்கிறது.

அடுத்து, அன்றாட வரவு செலவைக் காட்டும் வருவாய்க் கணக்கையும், பாலம், கட்டடம் போன்ற நீண்டகாலச் சொத்துகளுக்கான மூலதனக் கணக்கையும் பிரித்துப் பாருங்கள். கடன் வாங்கிப் பாலம் கட்டுவது ஒரு விதம். கடன் வாங்கிச் சம்பளம் கொடுப்பது முற்றிலும் வேறு. நியூயார்க் நகரம் 1975இல் திவால் விளிம்புக்குப் போனதற்கு, அன்றாடச் செலவுகளுக்குக் குறுகிய காலக் கடனை நம்பியிருந்தது ஒரு முக்கியக் காரணம். டெட்ராய்ட் 2013 ஜூலையில் ஏறத்தாழ 1,800 கோடி டாலர் கடன் பொறுப்புடன் திவால் மனு தாக்கல் செய்தது. பிரிட்டனின் பர்மிங்காம் நகர மன்றம் 2023 செப்டம்பரில் அத்தியாவசியம் அல்லாத புதிய செலவுகளை நிறுத்துவதாக முறைப்படி அறிவித்தது. இப்படிப்பட்ட நெருக்கடிகள் தலைப்புச் செய்தியாகும் நாளில் தொடங்குவதில்லை. ஆண்டுதோறும் வளரும் நிலுவைகளாகவும், ஒத்திப்போடும் ஓய்வூதியப் பொறுப்புகளாகவும், வசூலாகாத வரியாகவும் அவை ஏட்டின் பின்பக்கங்களில் முன்கூட்டியே கிடக்கின்றன. தணிக்கை அறிக்கையையும் இதனுடன் சேர்த்துப் படியுங்கள்; தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபத்துக்கு நிர்வாகம் ஆண்டுக்காண்டு ஒரே பதிலைக் கொடுத்திருக்கிறதா என்று மட்டும் தேடினாலே போதுமான வேலை கிடைக்கும்.

கூட்டத்துக்கு முன்னும் பின்னும்

பொருள் நிரல் கைக்கு வந்த இரவே அதை முழுதாகப் படித்துவிடுங்கள். அதில் 'ஏற்கெனவே செய்த பணிக்கு ஒப்புதல் கோருதல்', 'அவசரம் கருதி முன்னனுமதி வழங்கியதைப் பதிவு செய்தல்', 'ஒரே ஒப்பந்தப்புள்ளி வரப்பெற்றதை ஏற்றல்' என்பன போன்ற சொற்றொடர்கள் வரும் உருப்படிகளைச் சுற்றி வட்டமிடுங்கள். கூட்டத்தில் யார் பேசினார் என்பதுடன் யார் எப்படி வாக்களித்தார், யார் அந்த உருப்படி வரும்போது மட்டும் எழுந்து வெளியே போனார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசித் தீர்மானம் முடியும்வரை இருக்கையை விட்டு எழாதீர்கள். சில வாரங்கள் கழித்து நடவடிக்கைக் குறிப்பு வெளியாகும்போது அதை உங்கள் குறிப்பேட்டுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். மன்றத்தில் பேசியதும் ஏட்டில் ஏறியதும் மாறுபடும் இடம் எப்போதும் கவனத்துக்குரியது.

கூட்டத்துக்குள் அமரும் உரிமையே நெடுங்காலம் நிருபர்களுக்கு உறுதியாக இருந்ததில்லை. பிரிட்டனில் மன்றங்களும் பொது அமைப்புகளும் பத்திரிகையாளர்களையும் பொதுமக்களையும் அனுமதிக்க வேண்டும் என்ற சட்டம் 1960இல் வந்தது. அதைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர், அப்போது புதிய உறுப்பினராக இருந்த மார்கரெட் தாட்சர் என்பது பலரும் மறந்துவிட்ட சேதி. ஆவணங்களைப் பார்க்கும் உரிமைக்கு இன்னும் நீண்ட வரலாறு உண்டு: ஸ்வீடன் 1766லேயே அதைச் சட்டமாக்கியது, இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. நீங்கள் பணியாற்றும் இடத்தில் எந்தச் சட்டம் பொருந்துகிறது, பதில் தருவதற்கு எத்தனை நாள் கெடு, மேல்முறையீடு யாரிடம் என்பவற்றை மனப்பாடமாக வைத்திருங்கள். மனு எழுதும்போது 'சாலைப் பணிகள் குறித்த முழு விவரம்' என்று கேட்டால் மறுப்பதற்கு எளிது. இன்ன தேதியில் இன்ன எண்ணுள்ள பணி ஆணையின் நகல் என்று கேட்டால் அவ்வளவு எளிதாக மறுக்க முடியாது.

ஒரு சிறு நகரத்தின் ஆவணம் என்ன செய்யும் என்பதற்கு கலிபோர்னியாவின் பெல் நகரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. நாற்பதாயிரத்துக்கும் குறைவான மக்கள், பெரும்பாலும் எளிய குடும்பங்கள், வாழும் ஊர் அது. 2010இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நிருபர்கள் ஜெஃப் காட்லீப்பும் ரூபன் விவெஸும் பக்கத்து நகரமான மேவுட் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தபோதுதான் பெல் மன்ற உறுப்பினர்களின் ஊதியம் குறித்து விசாரணை நடப்பதாகத் தெரிய வந்தது. அவர்கள் கேட்டது ரகசியக் கோப்பு எதையும் அல்ல. யாருக்கு என்ன சம்பளம் என்ற ஒப்பந்தங்களைத்தான். கேட்டது கைக்கு வந்தபோது, நகர மேலாளர் ராபர்ட் ரிசோ ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலரும், பகுதி நேரமாகப் பணியாற்றிய மன்ற உறுப்பினர்களில் பெரும்பாலானோர் ஏறத்தாழ ஒரு லட்சம் டாலரும் பெற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. அந்தத் தொடருக்கு 2011இல் பொதுச் சேவைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. ரிசோ சிறைக்குப் போனார். அந்த ஒப்பந்தங்கள் அதற்கு முன்பும் அலுவலகத்தில்தான் இருந்தன. கேட்க நிருபர் எவரும் போகவில்லை.

மனிதர்கள்

காகிதத்தைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டேன் என்பதற்காக மனிதர்கள் வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. எந்தக் காகிதத்தைக் கேட்க வேண்டும் என்று சொல்பவர் எப்போதும் ஒரு மனிதர்தான். மேயரின் உதவியாளரைவிடப் பதிவறை எழுத்தர், இளநிலைப் பொறியாளர், வரி வசூலிப்பவர், தூய்மைப் பணியாளர் சங்கச் செயலாளர், ஒப்பந்தம் கிடைக்காமல் போன ஒப்பந்ததாரர் ஆகியோரிடம் அதிகம் கற்றுக்கொள்ளலாம். செய்தி எதுவும் தேவைப்படாத நாட்களிலும் அவர்களைப் பார்த்து வாருங்கள். தேவைப்படும்போது மட்டும் தொலைபேசியில் அழைப்பவரை எவரும் நம்புவதில்லை.

உங்களிடம் பேசுபவர் ஒவ்வொருவருக்கும் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கும். நியூயார்க்கை ஆட்டிப்படைத்த அரசியல்வாதி வில்லியம் ட்வீட்டின் ஊழல் கூட்டத்தின் கணக்குகள் 1871இல் நியூயார்க் டைம்ஸில் வெளியானபோது, பேரேட்டுப் படிகளைக் கொண்டுவந்து கொடுத்தவர்களுள் ஒருவரான முன்னாள் ஷெரிப் ஜேம்ஸ் ஓ'பிரையனுக்கு நகரத்திடமிருந்து தான் கேட்ட பணம் கிடைக்கவில்லை என்ற சொந்த மனக்குறை இருந்தது. மனக்குறையால் எண்கள் பொய்யாகிவிடவில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொண்டே அந்த எண்களைச் சரிபார்ப்பது நிருபரின் கடமை. மன்றத்தில் ஓர் அணி இன்னோர் அணியைக் கவிழ்க்க நினைக்கும் காலத்தில் உங்கள் மேசைக்கு உறைகள் தாமாகவே வந்து சேரும். அப்போது இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும்.

பேச்சு தொடங்குவதற்கு முன்பே நிபந்தனையைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பெயரோடு வெளியிடலாமா, பதவியை மட்டும் சொல்லலாமா, புரிந்துகொள்வதற்காக மட்டுமா என்பதைப் பேசி முடித்த பிறகு பேரம் பேசினால் இரு தரப்புக்கும் மனக்கசப்புத்தான் மிஞ்சும். 'ஆஃப் த ரெக்கார்டு' என்ற சொல்லுக்கு எதிரில் இருப்பவர் என்ன பொருள் கொண்டிருக்கிறார் என்பதைக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் ஆளுக்கொரு பொருள் வைத்திருக்கிறார்கள். பெயரை மறைப்பதாக வாக்குக் கொடுத்தால், அலுவலகத்தில் அந்தப் பெயர் யாருக்குத் தெரியலாம் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். பரிசு, விருந்து, இலவசப் பயணம் ஆகியவற்றைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, வாங்காதீர்கள்.

எழுதும்போது

முதல் வரியில் கூட்டம் நடந்ததைச் சொல்லாமல் கூட்டத்தின் விளைவைச் சொல்லுங்கள். 'நகர மன்றக் கூட்டம் நேற்று மேயர் தலைமையில் நடைபெற்றது' என்று தொடங்கும் செய்தியை வாசகர் தாண்டிப் போய்விடுவார். தம் வீட்டு வரி எந்த மாதத்திலிருந்து எவ்வளவு ஏறுகிறது என்று தொடங்கினால் நின்று படிப்பார்.

தமிழில் எழுதுபவர்களுக்குச் செயப்பாட்டு வினை ஒரு தனிப் பொறி. 'பணி ஒத்திவைக்கப்பட்டது' என்ற வாக்கியம் இலக்கணப்படி குறையற்றது, ஆனால் ஒத்திவைத்தவர் யார் என்பதை அது விழுங்கிவிடுகிறது. அலுவலகச் செய்திக்குறிப்புகள் 'முடிவு செய்யப்பட்டது', 'பரிசீலிக்கப்பட்டு வருகிறது' என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு; அதை அப்படியே பெயர்த்து எழுத நிருபருக்கு எந்தக் காரணமும் இல்லை. ஒவ்வொரு 'பட்டது'க்கும் எழுவாய் தேடுங்கள். கிடைக்காவிட்டால், அதுவே அடுத்த நாள் கேட்க வேண்டிய கேள்வி. இதற்கு நெருங்கிய உறவினர்கள் 'எனக் கூறப்படுகிறது', 'நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன' என்பவை. கூறியவர் ஒருவரா மூவரா, நேரில் பார்த்தவரா கேள்விப்பட்டவரா என்பதை இச்சொற்கள் மறைத்துவிடுகின்றன. பெயரை வெளியிட முடியாவிட்டாலும் 'கோப்பைப் பார்த்த இரண்டு அதிகாரிகள்' என்று எழுத முடியுமே.

வினைச்சொற்களிலும் தீர்ப்பு ஒளிந்திருக்கும். 'ஒப்புக்கொண்டார்' என்றால் அதுவரை மறைத்தார் என்றாகிறது. 'சுட்டிக்காட்டினார்' என்றால் அவர் சொன்னது உண்மை என்று நீங்களே சான்று கொடுத்துவிடுகிறீர்கள். 'மழுப்பினார்' என்பது வசை. 'கூறினார்' என்பது சலிப்பூட்டும் சொல்தான், ஆனால் பெரும்பாலான நேரங்களில் நேர்மையான சொல் அதுவே.

எண்களைப் பொறுத்தவரை என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பணிக்குச் சேர்ந்த புதிதில் மழைநீர் வடிகால் பணி ஒன்றுக்கான தொகையை லட்சம் என்பதற்குப் பதிலாகக் கோடி என்று எழுதிவிட்டேன். நானும் பார்க்கவில்லை, மேசையில் இருந்தவரும் பார்க்கவில்லை. காலையில் முதல் அழைப்பு அந்தப் பொறியாளரிடமிருந்து வந்தது. அவர் கோபப்படவில்லை, சிரித்தார், அதுதான் அதிகம் வலித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு தொகையையும் வேறோர் அளவால் வகுத்துப் பார்க்கிறேன்: ஒரு மீட்டருக்கு எவ்வளவு, ஒரு வீட்டுக்கு எவ்வளவு. தவறான எண் வகுத்துப் பார்த்தவுடனே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மில்லியனில் வரும் ஆவணத்தை லட்சத்துக்கு மாற்றும்போது இன்னொரு முறையும் பாருங்கள்.

யாருக்கு எதிராகக் குற்றச்சாட்டு எழுதுகிறீர்களோ அவருக்குப் பதில் சொல்ல உண்மையான அவகாசம் கொடுங்கள். பக்கம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒருமுறை அழைத்துவிட்டு 'தொடர்புகொள்ள முடியவில்லை' என்று எழுதுவது சடங்கு மட்டுமே. எழுதப்போகும் குறிப்பான குற்றச்சாட்டுகளை எழுத்தில் அனுப்பி, பதில் வேண்டிய நேரத்தையும் குறிப்பிடுங்கள். பல முறை அந்தப் பதிலே செய்தியை வலுவாக்கியிருக்கிறது. சில முறை செய்தியைக் கைவிடச் செய்து எங்களைக் காப்பாற்றியும் இருக்கிறது.

மேசைக்கு மாறும்போது

சில ஆண்டுகள் கழித்து நகரப் பக்கத்தின் பொறுப்போ செய்தி ஆசிரியர் பதவியோ உங்களிடம் வரலாம். எல்லா நல்ல நிருபரும் இதை ஏற்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பெயர் அச்சில் வருவது நின்றுவிடும், வெயிலும் தெருவும் போய்விடும், மாலை நேரம் முழுக்கப் பிறர் எழுதியதைச் செப்பனிடுவதில் கழியும். அது பிடிக்குமா என்று சில வாரம் விடுமுறைப் பொறுப்பில் அமர்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

காலையில் செய்திப் பட்டியல் வரும்போது, எதைப் போடுவது என்பதைவிட எதற்கு ஆள் ஒதுக்காமல் விடுவது என்பதே கடினமான முடிவு. பத்திரிகையாளர் சந்திப்புகள் எல்லாவற்றுக்கும் ஆள் அனுப்பினால் ஆவணம் தேட ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். இரண்டு நாள் கையில் எதுவும் இல்லாமல் திரும்பும் நிருபரைத் தாங்கிப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பின்னாளில் அமெரிக்க அதிபர் நிக்சனைப் பதவி விலகச் செய்த விவகாரம், 1972 ஜூன் 17 அன்று வாட்டர்கேட் கட்டடத்தில் ஐந்து பேர் பிடிபட்டதில் தொடங்கியது; அப்போது வாஷிங்டன் போஸ்ட்டில் அது உள்ளூர்த் திருட்டு வழக்காகத்தான் நகர மேசைக்கு வந்தது. எழுதியவர்களில் ஒருவரான பாப் உட்வர்ட் அந்தப் பத்திரிகையில் சேர்ந்து ஒன்பது மாதமே ஆகியிருந்தது. விவகாரம் பெரிதான பிறகு அதைத் தேசிய அரசியல் பிரிவுக்கு மாற்றலாம் என்ற பேச்சு எழுந்தும், பெருநகரப் பிரிவின் ஆசிரியர் ஹாரி ரோசன்ஃபெல்டும் நகர ஆசிரியர் பாரி சஸ்மனும் அதைத் தங்கள் நிருபர்களிடமே வைத்துக்கொண்டார்கள். மேசையில் இருப்பவரின் வேலை பெரும்பாலும் இப்படிப்பட்டது; வாசகர் கண்ணில் படாது.

நிருபர் எழுதித் தந்த செய்திப் படியை வாசிக்கும்போது ஒவ்வொரு கூற்றின் அருகிலும் 'இது நமக்கு எப்படித் தெரியும்?' என்று கேளுங்கள். நிருபர் மீது சந்தேகம் என்று அவர் எண்ணிவிடாதபடி, உங்கள் செல்லப்பிள்ளையிடமும் இதே கேள்வியைக் கேட்டுப் பழக்கப்படுத்துங்கள். தலைப்பைக் கடைசியில் எழுதுங்கள். உள்ளே இல்லாத எதையும் அது சொல்லக் கூடாது. 'பரபரப்பு', 'அதிரடி', 'மர்மம்' ஆகிய மூன்றையும் ஒரு மாதம் தடை செய்து பாருங்கள், துணை ஆசிரியர்கள் எவ்வளவு நன்றாகத் தலைப்பு எழுதக்கூடியவர்கள் என்று தெரியவரும்.

அவதூறுச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் அது இன்றும் குற்றவியல் சட்டத்துக்குள்ளும் இருக்கிறது. ஆனால் வழக்கு எப்படித் தொடங்குகிறது என்பதை எங்கிருப்பவரும் கற்றுக்கொள்ளும் ஒரு நிகழ்வு உண்டு. 1960 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஆதரவாக ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. அவர் எத்தனை முறை கைதானார், மாணவர்கள் எந்தப் பாடலைப் பாடினார்கள் என்பன போன்ற சில விவரங்கள் அதில் பிழையாக இருந்தன. மான்ட்கோமரி நகரக் காவல் துறையை மேற்பார்வையிட்ட நகர ஆணையர் எல்.பி.சல்லிவன், தம் பெயரே அதில் இல்லாதபோதும், வழக்குத் தொடுத்தார். நடுவர் குழு 5 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாகத் தள்ளுபடி செய்து, பொறுப்பில் இருப்பவர்களை விமர்சிக்கும் உரிமைக்குப் பெரிய அரணைக் கட்டியது என்பது எல்லோரும் சொல்லும் பாதி. செய்தி ஆசிரியருக்கு உரிய மறுபாதி, அந்தப் பிழைகளைக் காட்டக்கூடிய பழைய செய்திகள் அந்தப் பத்திரிகையின் சொந்தக் கோப்பறையிலேயே இருந்தன என்பதும், எவரும் அவற்றை எடுத்துப் பார்க்கவில்லை என்பதும்தான். எல்லா நாட்டு நீதிமன்றமும் அத்தகைய அரணைக் கட்டித்தரவில்லை.

நெருக்கடி நீதிமன்றத்திலிருந்து மட்டும் வருவதில்லை. நகர நிர்வாகமே பெரிய விளம்பரதாரராக இருக்கும் இடங்களில், ஒரு செய்திக்குப் பிறகு விளம்பரம் நின்றுபோனதாக மேலாளர் உங்களிடம் சொல்வார். அந்தப் பேச்சை உங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நிருபரின் காதுக்குப் போனால், எவரும் சொல்லாமலேயே அவர் அடுத்த செய்தியை மென்மையாக்கிவிடுவார். மன்ற உறுப்பினரின் உறவினர், வீட்டுமனைத் தொழிலில் பங்குள்ளவர் என்று அலுவலகத்தில் எவரேனும் இருந்தால் அந்தச் செய்திகளிலிருந்து அவரை விலக்கிவையுங்கள். உங்களுக்கும் அது பொருந்தும்.

பிழை வெளியாகிவிட்டால், அன்றே திருத்தம் போடுங்கள். எந்தத் தேதியில், எந்தச் செய்தியில், எது தவறு, எது சரி என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். 'தவறுதலாக வெளியாகிவிட்டது' என்று மட்டும் எழுதினால், மேலே சொன்ன செயப்பாட்டு வினைக்குள் நீங்களே ஒளிந்துகொள்கிறீர்கள். இணையப் பதிப்பில் ஓசையின்றி எண்ணை மாற்றிவிட்டுப் போகாமல், மாற்றிய நேரத்தையும் மாற்றியது என்ன என்பதையும் செய்தியின் அடியில் குறிப்பிடுங்கள். திருத்தத்தை எழுதும் பொறுப்பை அந்த நிருபரிடமே கொடுத்து, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.